அந்த போட்டோவுக்கு வெளியே நடந்ததெல்லாம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த போட்டோவைப் போட்டதிலிருந்து என் போன் ஓயவே இல்லை. "இது நெசமான எடமா, காலண்டர் படமா?" என்று ஆண்டிபட்டியிலிருந்து பெரியம்மா வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். எந்த ரிசார்ட், வாடகை எவ்வளவு என்று சிங்கப்பூர் சித்தப்பா கேட்கிறார். ரிசார்ட் இல்லை சித்தப்பா, டென்ட்! நாலு வயசுப் பாப்பாவையும் அவளுடைய அறுபத்தெட்டு வயசு அம்மாச்சியான என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, கனடாவின் ராக்கி மலைக்குள்ளே ஓர் ஏரிக்கரையில், ரெண்டு ராத்திரி துணி வீட்டுக்குள் படுத்து எழுந்து வந்திருக்கிறோம்!

போட்டோவில் இருப்பது இவ்வளவுதான். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். பின்னால், ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து வைத்த பெரிய பலகை மாதிரி ரண்டில் மலை. முன்னால், கரையில் பாதி ஏற்றி நிறுத்திய கனூ படகின் மூக்கில், சிவப்பு லைஃப் ஜாக்கெட்டோடு பாப்பா. வாய் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு வெளியே நடந்தது இருக்கிறதே! அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாருங்கள், உள்ளே கூட்டிப்போகிறேன்.

கதை ஜூலையில் ஆரம்பிக்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த குளிர்காலத்துக் காலை ஒன்றில் ஆரம்பித்தது. கனடாவின் தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பார்க்ஸ் கனடா, கோடைக்கான முகாம் இடங்களை வருஷத் தொடக்கத்திலேயே ஆன்லைனில் திறந்துவிடும். காலை 8 மணி. அதற்கு முன்னாலேயே உள்ளே போய்க் காத்திருப்பவர்களைக் கலைத்துப்போட்டு, ஆளுக்கொரு வரிசை எண் கொடுப்பார்கள். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்க உட்காருவோமே, அதே படபடப்பு! நான் ஒரு லேப்டாப்பில், என் வீட்டுக்காரர் ஒரு லேப்டாப்பில். பாப்பா என் மடியில். அவருடைய எண் முன்னால் வந்தது. டூ ஜாக் லேக்சைட் முகாம், ஜூலை நடுவில் இரண்டு இரவுகள். பணம் கட்டி முடிந்ததும் நாங்கள் போட்ட கூச்சலில், ஒன்றும் புரியாமல் பாப்பாவும் சேர்ந்து கத்தினாள்.

டூ ஜாக் ஏரி, 1885-இல் உருவான பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அதுதான் கனடாவின் முதல் தேசியப் பூங்கா. நாங்கள் இருக்கும் கால்கரியிலிருந்து பான்ஃப் ஊர் சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து ஏரி இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ரெண்டு ஜாக் பெயரில் ஏரியா என்று பாப்பா கேட்டாள். ஆமாம், ரெண்டு பேர்! ஜாக் ஸ்டான்லி பக்கத்து மின்னேவாங்கா ஏரியில் படகு விட்டவர். ஜாக் வாட்டர்ஸ் பக்கத்தில் இருந்த பேங்க்ஹெட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பெரிய தளபதிக்கும் ராணிக்கும் மலை, ஆறு எல்லாம் பெயர் வைத்துக் கிடக்கிற நாட்டில், ஒரு படகுக்காரரும் ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஏரியாக நிலைத்திருப்பது எனக்கு அப்படிப் பிடித்துவிட்டது!

மின்னேவாங்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மாவின் முகம் மாறிய இடம் அது. ஸ்டோனி நகோடா பூர்வகுடி மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு ஆவிகளின் ஏரி என்று பொருள். அதன் கரையில் கோடையில் ஜனங்கள் வந்து தங்குகிற சின்ன ஊர் ஒன்று இருந்தது. 1941-இல் மின்சாரத்துக்காக அணையை உயர்த்தியபோது தண்ணீர் 30 மீட்டர் ஏறியது. ஊர் அப்படியே உள்ளே போய்விட்டது. இன்றைக்கும் நீரில் மூழ்கிப் போகிறவர்கள் அதன் கல் அடித்தளங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இதைக் கேட்ட அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம வைகை டேமுக்குள்ள ஊரு முங்குன மாதிரின்னு சொல்லு" என்றார். வைகை அணை திறந்தது 1959-இல். அம்மா அப்போது கைக்குழந்தை. ஆனால் வீடு வாசலை விட்டுவிட்டு மூட்டை தூக்கிக்கொண்டு வந்த கதையை அவருடைய ஆத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' படித்தவர்களுக்கு அந்த வலி தெரியும். மின்னேவாங்காவின் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா ஒரு நிமிஷம் நின்றார். பாப்பாவும் தன் ஷூவைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

சரி, மூட்டை முடிச்சுக்கு வருவோம்!

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே டென்டை வீட்டு ஹாலில் விரித்துவிட்டோம். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஃபேனுக்குக் கீழே ஒரு பச்சை வீடு! முதல் ராத்திரி பாப்பா அதற்குள் பத்து நிமிஷம்தான் இருந்தாள். மூணாம் ராத்திரி வெளியே வரமாட்டேன் என்றாள். ஐந்தாம் ராத்திரி அம்மாச்சியையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். புது இடம், புது மணம், புதுச் சத்தம், எல்லாம் ஒரே ராத்திரியில் வந்தால் பெரியவர்களுக்கே கண் மூடாது. டென்டாவது பழகின டென்டாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு இது. குழந்தையோடு முகாம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது குளிர். ஜூலை என்றதும் அம்மா தன் நூல் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், உண்மைதான். ஆனால் ராத்திரி 6, 7 டிகிரிக்கு இறங்கும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி மாதிரி வராது. இங்கே அதே பருத்திதான் வியர்வையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பை நடுங்க வைக்கும். அதனால் உள்ளே கம்பளி நூல் பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். அம்மா இத்தனையும் போட்டு, அதற்கு மேல் சேலையையும் கட்டிக்கொண்டார்! மாப்பிள்ளையின் கம்பளி சாக்ஸ் முழங்கால் வரைக்கும். அந்தக் கோலத்தில் அம்மா அவ்வளவு அழகாக இருந்தார்.

குளிர் மேலேயிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வையாக அடுக்குவோம். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது கீழே இருக்கிற தரைதான். அதனால் ஆளுக்கொரு தடித்த மெத்தைப் பாய், அதன் மேல் ஸ்லீப்பிங் பேக். நாலு பேர் மூச்சு விடுகிற ஈரம் டென்டின் உள்பக்கத்தில் விடியற்காலை முத்து முத்தாகக் கோர்த்து நிற்கும். குளிருதே என்று ஜன்னல் வலையை முழுக்க மூடிவிட்டால் அது அப்படியே முகத்தில் சொட்டும். கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தால் நடுங்காமல் தூங்கலாம்.

இடத்துக்குப் போய் வண்டியை நிறுத்தினதும் டென்ட் அடிக்கவில்லை. முதல் வேலை, பாப்பா தன் மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். கனடாவில் குழந்தைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள்: காட்டில் வழி தவறினால் ஓடாதே, தேடி அலையாதே, பக்கத்தில் இருக்கிற மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, தேடி வருகிறவர்கள் உன்னைக் கண்டுபிடிப்பார்கள். பாப்பாவின் கழுத்தில் ஒரு மஞ்சள் விசிலும் மாட்டிவிட்டோம். அவள் எங்கள் இடத்தில் இருந்த ஊசியிலை மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பிசின் வழிந்த ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, "இதான் என் மரம். இது என்னைப் பாத்துக்கும்" என்றாள். இரண்டு நாளும் அந்தப் பிசின் அவள் கன்னத்தை விட்டுப் போகவில்லை.

அப்புறம் டென்ட். பள்ளத்தில் அடித்தால் மழைத் தண்ணீர் வந்து சேரும் என்று மேடு பார்த்து, கல் பொறுக்கி, விரிப்பு விரித்தோம். முளை அடிக்கும் வேலையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். அவள் முளையைப் பிடிக்கவில்லை, எண்ணிக் கொடுத்தாள்! "ஒண்ணு… ரெண்டு… அஞ்சு!" அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏத்தா, அம்புட்டுப் பெரிய வீட்டப் பூட்டிப்போட்டு இந்தத் துணிக்குள்ள படுக்கவா வந்தோம்?" என்றார். அவருடைய மாப்பிள்ளை, "ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க அத்தை, அப்புறம் சொல்லுங்க" என்றார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது கரடி!

பான்ஃபில் கருங்கரடியும் உண்டு, கிரிஸ்லியும் உண்டு. முகாம் முழுக்க ஒரே ஒரு சட்டத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: வாசனை வருகிற எதுவும் வெளியில் கிடக்கக் கூடாது. சமைத்துச் சாப்பிடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் மேஜை துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருக்க வேண்டும். சாப்பாடு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை! கழுவின பாத்திரம், அடுப்பு, கூலர் பெட்டி, காலி பாட்டில், சோப்பு, சன்ஸ்கிரீன், பற்பசை, எல்லாமே வண்டிக்குள் போய், கண்ணாடி ஏற்றி, கதவு பூட்டியாக வேண்டும். டென்டுக்குள் ஒரு மிட்டாய்க் காகிதம்கூடக் கூடாது.

முதல் நாள் சாயங்காலம் நாங்கள் நடத்திய சோதனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பாப்பாதான் அதிகாரி. ஒவ்வொரு சாமானையும் மூக்கில் வைத்து முகர்ந்து பார்ப்பாள். "மணக்குது, வண்டி!" "மணக்கல, டென்ட்!" அவளுடைய ஸ்ட்ராபெரி பற்பசை, வண்டி. அப்பாவின் ஷேவிங் க்ரீம், வண்டி. அம்மாச்சியின் சுருக்குப்பையை முகர்ந்தவள் கண்ணை விரித்தாள். வெற்றிலை, பாக்கு, நாலு கிராம்பு, அமிர்தாஞ்சன்! பெரிய வேட்டை. அம்மா அந்தப் பையை எந்த விமானத்திலும் எந்த ஊரிலும் இடுப்பை விட்டு இறக்கியதில்லை. ஆனால் பேத்தி கையை நீட்டினதும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். கடைசியாக மிஞ்சியது பாப்பாவின் துணி யானை. அதன் தும்பிக்கையில் காலையில் சிந்திய பால் காய்ந்திருந்தது. அவள் அதை முகர்ந்தாள். எங்களைப் பார்த்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். உதடு பிதுங்கியது. "மணக்குது" என்று சொல்லி, தன் கையாலேயே கொண்டுபோய் வண்டியின் பின் சீட்டில் படுக்கவைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டு வந்தாள். என் மகளை அன்றைக்கு நான் தூக்கி முத்தம் கொடுத்த மாதிரி என்றைக்கும் கொடுத்ததில்லை.

எதற்கு இத்தனை கட்டுப்பாடு? மனிதச் சாப்பாட்டின் ருசி பழகின கரடி திரும்பத் திரும்ப ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே வரும். அப்படி வருகிற கரடியைக் கடைசியில் சுட வேண்டியிருக்கும். ஒரு பிஸ்கட் பாக்கெட் ஒரு கரடியின் உயிர். அதன் சொந்தச் சாப்பாடு காட்டிலேயே நிறைய இருக்கிறது. ஜூலை நடுவில் எருமைப்பழம் என்று சொல்லலாம், சின்னச் சின்னச் சிவப்புப் பழங்கள் புதரெங்கும் பழுக்கும். ஒரு கிரிஸ்லி ஒரு நாளில் 2 லட்சம் பழம்கூடத் தின்னும்! பாப்பாவுக்கு அந்த எண்ணிக்கை புரியவில்லை. "பத்து பத்தா?" என்றாள். ஆமாம் கண்ணே, பத்து பத்து பத்தாக நாள் முழுக்க.

கரடியையும் ஓநாயையும் பார்த்தால் 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எல்க் மானுக்கு 30 மீட்டர். மேஜைக்குக் கீழே வந்து எழுந்து நின்று கைகூப்புகிற தரை அணிலுக்கு ஒரு கடலைப் பருப்பு போடவும் கூடாது. தேசியப் பூங்காவில் விலங்குக்குத் தீனி போட்டால் அபராதம் 25,000 டாலர் வரை போகும்.

இடுப்பில் கரடி ஸ்ப்ரே டப்பா ஒன்றும் உண்டு. கரடி நெருங்கி வந்தால் அதன் முகத்துக்கு நேரே அடிப்பதற்கு. உள்ளே என்ன மருந்து என்று அம்மா கேட்டார். மிளகாயின் காரச் சத்துதான் அம்மா என்றேன். "நம்ம மொளகாயா!" என்று அம்மா டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தக்காரரை வெளியூரில் சந்தித்த மாதிரி! அதற்கப்புறம் கரடி பயம் அம்மாவுக்கு அடியோடு போய்விட்டது.

சமையலுக்கு வருகிறேன். ஏரி இருக்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,450 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, கொதிக்கிறது, அரிசி மட்டும் லேசில் வேகாது! அதனால் அம்மா ஆண்டிபட்டியிலிருந்து எனக்குச் சீதனமாகக் கொண்டுவந்த மூணு லிட்டர் குக்கரைக் கூடவே எடுத்துப்போனோம். கேஸ் அடுப்பில் அது முதல் விசில் அடித்தபோது அந்த மலையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து டென்ட் குடும்பம் எழுந்து வந்து, என்ன சத்தம் என்று கேட்டு, பருப்பு சாதமும் நெய்யும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டுப் போனது. அவர்கள் வீட்டு ஐந்து வயசுப் பையன் மறுநாள் காலையில் தட்டோடு வந்து நின்றான்!

பாத்திரம் கழுவின தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, ஏரியில் கொட்டவே கூடாது. பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரை அதற்கென்று வைத்த தொட்டியில் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அந்த வடிகட்டும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவு செய்த கை அது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரும்பு வளையத்துக்குள் மட்டும் நெருப்பு மூட்டலாம், அதற்குத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். விறகை வெளியூரிலிருந்து கொண்டுவரக் கூடாது, மரத்தை அரிக்கும் பூச்சி அதோடு வந்துவிடும். அங்கே கொடுத்த விறகில் நாங்கள் மக்காச்சோளம் சுட்டோம். உப்பும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தேய்த்து, மெரினா கடற்கரை மாதிரியே! படுக்கும் முன்னால் நெருப்பில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் கைக்குச் சில்லென்று ஆகும்வரை விடவில்லை.

அப்புறம்தான் பெரிய சிக்கல். தூக்கம்!

ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு 9:45 ஆகிறது. நன்றாக இருட்ட 11 மணி. பாப்பாவின் தூங்கும் நேரம் எட்டு. "சூரியனே இன்னும் தூங்கலையே, நான் மட்டும் ஏன் தூங்கணும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நியாயமான கேள்வி! அம்மாவின் சேலை ஒன்றை டென்டின் மேற்குப் பக்கத்தில் திரையாகக் கட்டினோம். அந்தக் காபிப்பொடி நிறச் சேலை வழியாக வெளிச்சம் மங்கலாக வந்தது. அம்மா தாழ்ந்த குரலில் ராசா கதை ஆரம்பித்தார். ராசா யானை மேல் ஏறி ஏழு மலை தாண்டிப் போனார். ஐந்தாவது மலையில் பாப்பா தூங்கிவிட்டாள். ஆறாவதில் அவள் அப்பா.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பொக்கிஷம்.

இரவு இரண்டு மணி. "அம்மா, உச்சா." டென்டுக்குள் இருக்கிற இளஞ்சூட்டை விட்டு வெளியே வர யாருக்கு மனசு வரும்? தலையில் மாட்டும் விளக்கைத் தேடி, சிவப்பு வெளிச்சத்தில் வைத்து, பாப்பாவுக்கு ஜாக்கெட் போட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்து, கரடி ஸ்ப்ரேயை எடுத்து, ஜிப்பை மெதுவாக இழுத்தேன். சத்தம் கேட்டு அம்மாவும் எழுந்து வந்துவிட்டார். மூணு பேரும் கைகோர்த்துக்கொண்டு, "கரடி மாமா, நாங்க வர்றோம், நாங்க வர்றோம்" என்று பாடிக்கொண்டே கழிப்பறைக்குப் போனோம். திடுக்கிடாத கரடி தானாக விலகிப் போகும், அதனால் காட்டில் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். முகாமில் தூங்குகிறவர்கள் மன்னிக்கட்டும், மெதுவாகத்தான் பாடினோம்!

திரும்பி வரும்போது மரங்கள் விலகி ஏரி தெரிகிற இடத்தில் விளக்கை அணைத்தேன்.

பாப்பா அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ரகசியம் பேசுகிற குரலில், "யாரும்மா இத்தன லைட்டு போட்டு வச்சது?" என்றாள்.

வானம் முழுக்க! பால்வழி ஒரு மலை முகட்டிலிருந்து இன்னொரு முகட்டுக்குப் பாலம் போட்டிருந்தது. கீழே ஏரிக்குள்ளும் புள்ளி புள்ளியாக மினுங்கியது. எங்கோ தூரத்தில் லூன் பறவை ஒன்று நீளமாகக் கூவியது. வடமேற்கில் மலைக்கு மேலே சப்தரிஷி மண்டலம், ஏழும் பளிச்சென்று. துருவ நட்சத்திரம் ஆண்டிபட்டியில் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரியில் புழுதிக்குள் மறைந்து கிடக்கும். இங்கே 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது!

அம்மா சப்தரிஷியையே பார்த்துக்கொண்டிருந்தார். வால் மாதிரி வளைகிற மூன்றில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பொடிசாக ஒன்று தெரியும்.

"அருந்ததிடி" என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. "எங்க கல்யாணத்துல பட்டப்பகல்ல ஐயரு மேல கையக் காட்டுனாரு. நானும் உங்கப்பாவும் பாத்தோம்னு தலைய ஆட்டுனோம். கண்ணு ஆபரேசன் பண்ணதுக்கு இப்பத்தான் நெசமாவே பாக்குறேன்."

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாப்பா, "எது அம்மாச்சி? எது?" என்று குதித்தாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து வானத்தில் ஒவ்வொரு ரிஷியாகத் தொட்டுக்கொண்டே போனார். குளிரில் எங்கள் மூணு பேர் மூச்சும் புகையாக எழுந்து ஒன்றாகக் கலந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. இதற்கு போட்டோ இல்லை. எடுக்கத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை டென்டின் ஜிப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்த அம்மா முதலில் சொன்னது, "மாப்ள, அடுத்த வருசம் மூணு ராத்திரியாப் போடுங்க." மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல்!

அன்றைக்குத்தான் கனூ. வாடகைக்கு எடுத்தோம். சொந்தப் படகு கொண்டுவருபவர்கள் கழுவி, வடித்து, காயவைத்து, அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். இன்னோர் ஏரியின் பாசியும் மீன்நோயும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமே, அதற்காக. லைஃப் ஜாக்கெட்டை வயசு பார்த்து வாங்காதீர்கள், எடை பார்த்து வாங்குங்கள். பாப்பா 16 கிலோ. அவளுக்கு 14 முதல் 27 கிலோ வரைக்கான ஜாக்கெட். கால்களுக்கு நடுவே ஒரு பட்டை போய் மாட்டும், ஜாக்கெட் தலைக்கு மேல் உருவிக்கொண்டு போகாது. கழுத்துக்குப் பின்னால் ஒரு பிடி இருக்கும். மாட்டிவிட்டு அந்தப் பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மோவாய்க்கு மேலே ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். தண்ணீரோ கை வைத்த மாத்திரத்தில் எலும்பில் ஏறுகிற குளிர். அதனால் கரையை ஒட்டியே போனோம், அரை மணி நேரம். பாப்பா துடுப்பை ஏழு முறை போட்டாள். எட்டாவது முறைக்கு ஏரி முழுவதையும் தான்தான் ஓட்டுவதாக அறிவித்தாள்.

சாயங்காலம் லேக் லூயிஸ் பக்கம் வண்டியில் போனபோது நெடுஞ்சாலைக்கு மேலே புல்லும் மரமும் முளைத்த பாலங்களைப் பார்த்தோம். விலங்குகள் சாலையைக் கடப்பதற்காகவே கட்டியவை! பான்ஃபுக்குள் மேம்பாலம் 6, சுரங்கப்பாதை 38. இருபக்கமும் வேலி. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. பின் சீட்டில் துணி யானையைத் தூக்கிப் பிடித்து, "உனக்கும் பாலம் இருக்கு பாரு" என்று பாப்பா காட்டிக்கொண்டே வந்தாள். யானைப் பாதைகளில் ரயிலும் ரோடும் குறுக்கே போகிற நம் மேற்குத் தொடர்ச்சி மலையை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் இப்படி வரிசையாகக் கட்ட வேண்டும், சீக்கிரம் கட்ட வேண்டும்.

இப்போது அந்த போட்டோவுக்குத் திரும்பி வருகிறேன். கனூ சவாரி முடிந்து கரை சேர்ந்ததும் எடுத்தது. வலது பக்கம், சட்டத்துக்கு வெளியே, அவள் அப்பா முழங்கால் வரை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நின்று படகு நகராமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பின்னால் பக்கத்து டென்ட் பையன் குரங்கு மாதிரி முகத்தைக் கோணிக் காட்டுகிறான். பாப்பாவின் அந்தச் சிரிப்பு அவனுக்கான சிரிப்பு. இடது பக்கம் அம்மா. ஜாக்கெட்டின் பின் பிடியை விடவே மாட்டேன் என்று நின்றார். "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, படத்துல வந்துருவீங்க" என்றேன். தள்ளிக்கொண்டார், கையை மட்டும் எடுக்கவில்லை.

பெரியம்மா, போனில் அந்தப் படத்தை விரலால் பெரிசாக்கி இடது ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு ஜாக்கெட்டுக்குப் பின்னால் ரெண்டு விரலும் ஒரு கண்ணாடி வளையலும் தெரியும். அதை வெட்டாமல் அப்படியே பெரிசாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம்.